இலையுதிரும் மாதத்தில் சுங்கை சிப்புட்

22 பிப்ரவரி 2024, வியாழன்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் ஆரோக்கியப் பயணத்துக்கான குழு மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கை, பினாங்கிலிருந்து ஓய்வுபெற்ற கணவன் மனைவி, சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆசிரியை. இவர்கள் நால்வரும் பணம் கட்டி வருகிறவர்கள். பூக்கார அக்கா, மண்டோர் (தோட்டக் கங்காணி) வீட்டம்மா, தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்த பாட்டி, பாட்டியின் தங்கச்சி என உள்ளூர்ப் பெண்கள் நால்வர். இவர்களுக்குக் கட்டணம் கிடையாது. எட்டுப் பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஒரு வேன், ஒரு வீடு, ஓர் அடுப்பு, அதற்குத் தகுந்த கூட்டம் போதும்.

இந்த ஊரில் நடக்கும் பயணத்தில் இந்த ஊர்ப் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்பதை விளம்பரத் தாளிலேயே எழுதிவிடுகிறேன். பால்மரக் (ரப்பர் மரக்) காட்டின் காலைக் காற்றை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காட்டில் முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்களை வாசலில் நிறுத்த எனக்கு மனம் வராது. என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். நால்வர் கட்டும் பணத்தில் எட்டுப் பேர் நன்றாகவே போய்வரலாம். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வந்ததும் எல்லாருக்கும் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். அப்புறம் இரத்த அழுத்தம், விரலில் குத்திச் சர்க்கரை, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியல். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் யாரையும் வெந்நீர் ஊற்றில் இறங்க விடமாட்டேன். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இங்குள்ள இந்தியர்களிடம் இன்னும் அதிகம். இன்று என் முன்னால் உட்கார்ந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு.

23 பிப்ரவரி, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நல்ல இருட்டு. இந்த மாதத்தில் இங்கே ஏழரை மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். 1982 ஜனவரி முதல் தேதியில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளினார்கள். மண்டோர் வீட்டம்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மணி மாறுச்சு, பெரட்டு மாறல மிஸ்ஸி. இன்னும் கொஞ்சம் இருட்டுல போனோம், அவ்வளவுதான்" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பது.

சுற்றியுள்ள பெரிய தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிவிட்டன. நாங்கள் போனது கம்பத்துப் (மலாய்க் கிராமத்துப்) பக்கம் ஒரு மலாய்க்காரரின் சின்னப் பால்மரத் தோட்டத்துக்கு. இலை உதிரும் காலம். தரை முழுக்கச் சருகு, மேலே பாதிக் கிளைகள் மொட்டை, சில மரங்களில் செம்பு நிறத்தில் புதுத் துளிர். எல்லாரையும் செருப்பு மாற்றி மூடிய சப்பாத்து போடச் சொல்லியிருந்தேன். சருகுக்குள் பாம்பு படுத்திருந்தால் தெரியாது.

முதல் அரைமணி நேரம் யாரும் பேசாமல் மெதுவாக நடந்தோம். ஜப்பானில் 1980-களில் இப்படிக் காட்டு நடையை ஒரு பயிற்சியாக வளர்த்தார்கள். நின்று மூச்சு விடுவது, மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பது, தூரத்துச் சத்தத்தைக் கவனிப்பது, இவ்வளவுதான் அதில். கோலாலம்பூர்த் தங்கைக்குப் பல மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. அவர் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

வெளிச்சம் வந்ததும் பூக்கார அக்கா பையிலிருந்து மரம் வெட்டும் உளியை எடுத்தார். பல வருடத்துக்கு முந்தைய உளி, கைப்பிடி தேய்ந்திருந்தது. பினாங்கு ஐயா ஆசையாக, "ஒரு மரம் வெட்டிக் காட்டுங்களேன்" என்றார்.

"இலை கொட்டுற நேரம் ஐயா. இப்ப வெட்டக்கூடாது. துளிர் முத்தட்டும்" என்றார் அக்கா.

படம் எடுப்பதற்காக ஒரே ஒரு கீறலாவது என்று கேட்டுப் பார்த்தார்கள். அக்கா அசையவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பட்டைக்கு ஓர் அங்குலம் தள்ளி, காற்றில் உளியை ஓட்டிக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து, மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஓடுகிறது கோடு. ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுப் பட்டைதான். கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், அடுத்த முறை அங்கே உளி ஓடாது. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நிறைய ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கினால் ஓட்டம் குறைந்துபோகும். ஊர் தூங்கும்போதே இவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நின்றது அதனால்தான்.

ஒரு காலைக்கு 400, 500 மரம். கீழ்வெட்டு என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும். மேல்வெட்டு என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வெட்டி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அதே மரங்களுக்குத் திரும்பப் போய்ப் பால் எடுத்து, காண்டா (காவடித் தண்டு) வாளியில் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும்.

"மரத்துக்கு இந்த மாசம் ஓய்வு. எங்களைப் புல்லு வெட்ட அனுப்பிருவாங்க" என்றார் பாட்டியின் தங்கச்சி.

அக்காவை வலது கையைத் தூக்கச் சொன்னேன். தோள் உயரத்துக்கு மேல் வரவில்லை. மூட்டு இறுகிப் போயிருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், அதோடு பல வருட மேல்வெட்டும் சேர்ந்திருக்கிறது. சுவரில் விரலால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. காட்டில் சுவருக்கு எங்கே போவது? மரத்தில் செய்தோம். ஆளுக்கொரு பால்மரம், பட்டையில் இரண்டு விரல் சிலந்தி மாதிரி மேலே ஏறுகிறது, வலிக்கும் இடத்தில் நிற்கிறது, பத்து எண்ணி இறங்குகிறது. கணினி முன் உட்கார்ந்தே தோள் இறுகிப்போன வங்கித் தங்கைக்கும் அதே உயரத்தில்தான் வலித்தது. அவரும் அக்காவும் அடுத்தடுத்த மரத்தில் நின்று எதுவரை போகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்கு வீடு. தோசை, வல்லாரைத் துவையல். மதியத்துக்கு மேல் வெயில் தாங்கவில்லை, இது எல் நினோ ஆண்டு. நாலு மணி வரை யாரையும் வெளியே விடவில்லை.

24 பிப்ரவரி, சனி

இன்று ஈப்போ பக்கத்துத் தம்புன் வெந்நீர் ஊற்று. கிளம்புமுன் எல்லாருடைய பாதத்தையும் பார்த்தேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே அதால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். மண்டோர் வீட்டம்மா வலது காலில் தொட்ட எந்த இடத்திலும் "தெரியுது" என்று சொல்லவில்லை. நான் இன்னும் தொடத் தொடங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கொதிநீரில் கால் வைத்தாலும் இவருக்குச் சுடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், விரலை எடுத்த எத்தனையோ பேருக்கு வார்டில் நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆரோக்கியம் என்று சொல்லி ஆட்களை அழைத்துவருகிற எவரும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுத்தான் வெந்நீரைக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தீபகற்ப மலேசியாவில் எரிமலை இல்லை. இங்கே மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து, திரும்ப மேலே வருகிறது. சுண்ணாம்பு மலை ஓரத்தில் ஆவி எழும்பி நின்றதை ஆசிரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, மிதமான பக்கத்தில் இறக்கினேன். பத்து நிமிடம், பிறகு படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது, வேண்டுமானால் இன்னொரு பத்து. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், அதனால் ஐயாவைப் படிப்படியாக எழுப்பினோம். மண்டோர் வீட்டம்மாவுக்கு மேலே நாற்காலி போட்டு, வெந்நீரில் பிழிந்த துண்டுகளைத் தோளிலும் இடுப்பிலும் வைத்தோம். பினாங்கு அம்மா தானும் தண்ணீரிலிருந்து ஏறி வந்து துண்டு மாற்றிக்கொண்டிருந்தார். "இப்படி யாரும் எனக்குச் செஞ்சதில்ல" என்று மண்டோர் வீட்டம்மா சொன்னதும் அவர் கையை நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை, இன்னொரு துண்டைப் பிழிந்தார்.

திரும்பும் வழியில் பம்பளிமாஸ் கடைகள். தம்புன் வந்துவிட்டு அது வாங்காமல் எப்படி? ஆனால் சில கொழுப்பு மாத்திரைகளோடும் சில அழுத்த மாத்திரைகளோடும் பம்பளிமாஸ் ஒத்துப்போகாது, மருந்து உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும். பட்டியலைப் பார்த்து இரண்டு பேருக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பப்பாளி.

இரவு வங்கித் தங்கை உடம்பின் நச்சை வெளியேற்றும் தேநீர் ஏதாவது பயணத்தில் உண்டா என்று கேட்டார். இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. கடையில் வாங்கும் எந்தப் பாரம்பரிய மருந்தானாலும் பெட்டியில் MAL என்று தொடங்கும் மலேசியப் பதிவெண் இருக்கிறதா, ஹோலோகிராம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். வாயில் வைக்கும் பொருளில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

இன்று கோலா கங்சார் நகரம். 1877-இல் இங்கே ஒன்பது பால்மரக் கன்றுகளை நட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழி வந்தவை. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் பக்கம் இன்னும் நிற்கிறது. மருந்தடித்த பாட்டி வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார். "எங்க பாட்டன் கப்பலேறினது இதுனாலதானா?" என்று கேட்டார். ஆசிரியை, "எங்க பாட்டனும் அப்படித்தான் பாட்டி" என்றார். அவருடைய அம்மா பிறந்தது கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்).

பக்கத்தில் சாயோங்கில் சுரைக்காய் வடிவக் கறுப்பு மண்குடுவை வாங்கினோம். சுட்ட சூட்டோடு உமிக்குள் போடுவதால் அந்தக் கறுப்பு. ஓடு வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே தண்ணீர் குளிர்ந்தே இருக்கும்.

மாலையில் பக்கத்துக் கம்பத்து மக்சிக் (மலாய் அம்மா) வந்து ஒவ்வொருவருக்கும் எண்ணெய் தேய்த்து ஊருட், அதாவது உடம்பு பிடித்துவிடுதல், செய்தார். பாட்டியின் கையைப் பிடித்தவர் நகங்களைப் பார்த்து நிறுத்திவிட்டார். இரண்டு விரலில் நகம் கோணலாகவும் தடித்தும் இருக்கிறது. பாட்டி பல வருடம் களைக்கொல்லி அடிக்கும் வேலையில் இருந்தவர். முதுகில் பம்பு, காலில் ரப்பர் சப்பாத்து, முகத்தில் ஒரு துணி. "நகம் கழண்டு விழும். மூக்குல ரத்தம் வரும். கழுவிட்டு மறுநாளும் போவோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த பெண்களிடம் இந்த இரண்டையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன். மலேசியா அதை 2002-இல் தடுத்து, 2006-இல் திரும்ப அனுமதித்து, 2020 ஜனவரியில்தான் முழுசாகத் தடை செய்தது. இடையில் போன வருடங்களில் பம்பு சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். எனக்கு இன்றும் இதை நிதானமாக எழுத முடியவில்லை.

பாட்டிக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். இழுப்பதற்கு இரண்டு எண்ணிக்கை, விடுவதற்கு நாலு. எட்டுப் பேரும் வராந்தாவில் உட்கார்ந்து செய்தோம். பாட்டி தன் நுரையீரலை இதுவரை எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை.

26 பிப்ரவரி, திங்கள்

காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகள் கிளம்பினார்கள். வங்கித் தங்கை நேற்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினாராம். ஆளுக்கொரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தேன். உள்ளூர்ப் பெண்களுக்குப் படமாக வரைந்து.

உள்ளூர்ப் பெண்களின் பயணம் இன்னும் முடியவில்லை. மண்டோர் வீட்டம்மாவின் பாதத்துக்கு நாளை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) பெயர் பதிந்தாயிற்று, வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்லியிருக்கிறேன். அக்காவின் தோளுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை கேட்க வேண்டும். பாட்டிக்கு மார்பு எக்ஸ்ரே புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. வேன் அன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. பாட்டியின் தங்கச்சியும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். தோட்டத்தில் என்ன மருந்து, எத்தனை வருடம் என்று டாக்டர் கேட்டால் சொல்வதற்கு இன்றிரவு பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கப் போகிறேன்.