கம்பளிக்காரர் கட்டியது, கையுறைக்காரர் காப்பாற்றியது

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். கிரேவன் ஆர்ம்ஸ் ஸ்டேஷனில் எங்களோடு சேர்த்து நாலே பேர்தான் இறங்கினோம். ஏப்ரல்தானே என்று நம்பி வந்தால் காற்று எலும்பைத் துளைத்தது. "ஏங்க, கிளவுஸை ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் மனைவி. ஸ்டோக்சே கோட்டைக்கு இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டும். சுற்றிலும் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கோட்டை என்று பெயர்தான். உண்மையில் இது ஒரு பெரிய பணக்காரரின் வீடு. அகழியும் இரண்டு கோபுரங்களும் உண்டு. ஆனால் கூடத்தின் ஜன்னல்களைப் பாருங்கள்: வெளியே அகழியைப் பார்த்த சுவரிலும் அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார்கள். எதிரிக்குப் பயந்தவர் இப்படியா ஜன்னல் வைப்பார்?

பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும், இதன் மூலப்பத்திரம் யார் பேரில் இருந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அழகெல்லாம் அப்புறம். 1066 இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்த நிலம் லேசி குடும்பத்துக்குப் போனது. அவர்களிடமிருந்து சே குடும்பத்துக்கு வந்தது. வெறும் ஸ்டோக் என்றிருந்த ஊர் இவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டு ஸ்டோக்சே ஆனது. பிறகு வெர்டன் குடும்பம். இதுவரை எல்லாமே வாளும் குதிரையும் வைத்திருந்த ஆட்கள்.

1281 வாக்கில் ஒரு வியாபாரி வாங்குகிறார். பக்கத்து ஊரான லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ். அப்பா காலத்திலிருந்தே கம்பளி வியாபாரம். இந்த வேல்ஸ் எல்லைப்புறத்துக் கம்பளிக்கு ஐரோப்பாவில் அன்று நல்ல கிராக்கி. நாட்டிலேயே பெரிய கம்பளி வியாபாரிகளில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். பிரபுக்களுக்கே கடன் கொடுத்தார். வீட்டுக்குக் கோட்டை மாதிரி மதில் கட்டிக்கொள்ள 1291 இல் மன்னர் முதலாம் எட்வர்டிடம் அனுமதியும் வாங்கினார். அன்றைக்கு அந்த அனுமதிச் சீட்டே ஒரு பந்தா என்பது என் அபிப்பிராயம்.

மூன்றே வருடம்தான் அனுபவித்தார். 1294 இல் பிரான்ஸோடு சண்டை. மன்னருக்குப் பணம் தேவை. மூட்டைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்றிருந்த கம்பளி ஏற்றுமதி வரி 40 ஷில்லிங் ஆனது. இந்த வரிக்கு வியாபாரிகளைச் சம்மதிக்க வைத்த பேரத்தில் முன்னால் நின்றவர் லாரன்ஸ். வரிச் சுமையை வியாபாரிகள் ஆடு வளர்ப்பவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள், அதாவது கொள்முதல் விலையைக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கம்பளி ஏற்றிப் போன கப்பல் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் கரைக்கு அப்பால் மூழ்கியது, லாரன்ஸும் போனார். கம்பளி விற்றவர்களுக்குச் செய்த பாவம், கம்பளிக் கப்பலிலேயே முழுகினான் என்று ஒரு மடத்துத் துறவி எழுதி வைத்திருக்கிறார். வயிறெரிந்த எழுத்து!

அவருடைய கூடத்தில் நின்றோம். தரை நடுவே எட்டு மூலையாக ஒரு அடுப்பு மேடை; புகை கூரை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஓரத்தில் மரப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரே ஓக் கட்டையில் வெட்டியது. 700 வருடமாக மிதிபட்டும் உறுதியாக நிற்கிறது. எசமானரின் அறையில், கணப்புக்கு இரு பக்கமும் சின்னத் துவாரங்கள். கண்ணை வைத்தால் கீழே கூடம் முழுக்கத் தெரிகிறது. யார் சாப்பிடுகிறார்கள், யார் புறம் பேசுகிறார்கள் என்று பார்க்கலாம். நானும் ஐந்து நிமிடம் பார்த்தேன். கீழே மனைவி அக்குளில் கைகளைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

லாரன்ஸின் வாரிசுகள் 200 வருடம் வைத்திருந்தார்கள். அப்புறம் கல்யாணத்தின் வழியாக வெர்னன் குடும்பத்துக்குப் போனது. கடனில் சிக்கிய ஹென்றி வெர்னன் 1598 இல் 6,000 பவுனுக்கு விற்றார். 1620 இல் எலிசபெத் கிரேவன் அம்மாளும் மகன் வில்லியமும் வாங்கிய கிரயம் 13,500 பவுன். 22 வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! இந்த அம்மாளின் மறைந்த கணவர் லண்டன் மேயராக இருந்தவர், தையற்காரர் சங்கத்துப் பெரும்புள்ளி. முதலில் கம்பளி, அடுத்து தையல். ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் பெயர் கொடுத்தது இந்தக் கிரேவன் குடும்பம்தான். ஆனால் அவர்கள் இங்கே வாழவில்லை, குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1645 இல் சண்டையே இல்லாமல் சரணடைந்ததால் கட்டடம் தப்பியது. பின்னால் தானியக் கிடங்கு, பீப்பாய்ப் பட்டறை, கொல்லுப்பட்டறை என்று ஆகி, 1830 இல் தெற்குக் கோபுரம் உள்ளே தீப்பிடித்தும் எரிந்தது.

1869 இல் வாங்கியவர் ஜான் டெர்பி ஆல்கிராஃப்ட். அவர் என்ன தொழில் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். கையுறை! டென்ட்ஸ் கையுறைக் கம்பெனியின் பங்குதாரர். தனக்கு வேறு இடத்தில் மாளிகை கட்டிக்கொண்டு, இதை இடிக்காமல், புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காமல், பழுது மட்டும் பார்த்தார். அதுதான் இன்று நாம் காண்பது. 1992 இல் அந்தக் குடும்பத்தின் கடைசி உரிமையாளர் மறைந்ததும், பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் வசம் வந்தது.

வெளியே வந்ததும் கையுறைக் கதையை மனைவியிடம் சொன்னேன். "அந்த ஆள் ரெண்டு ஜோடி இங்கே விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள். திரும்பி நடந்தோம். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்ததும் என் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவை உருவி, அதற்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.