செட்டிநாட்டுச் செம்மண்ணும் ஸ்டார்ட் ஆகாத ஏடிவியும்

20 நிமிட ஏடிவி (மண்ணிலும் மேட்டிலும் ஓடும் நாலு சக்கர வண்டி) சவாரிக்கு 600 ரூபாய். அதில் பாதி நேரம் வண்டி தைலமரத் தோப்புக்கு நடுவே அசையாமல் நின்றது. “சூடாயிருச்சுண்ணே, ஆறவிட்டா எடுத்துரும்” என்றார் சாவி வைத்திருந்த தம்பி. ஆறியது, எடுத்தது, அடுத்த மேட்டில் திரும்பவும் நின்றது. காசில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை. காரைக்குடி மெஸ்ஸில் இதே 600 ரூபாய்க்கு மூன்று பேர் இலை போட்டு வயிறாரச் சாப்பிடலாம் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால், இந்தக் கட்டுரையில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களுக்கும் முகப்புக்கும் வளவுக்கும் இடம் குறைவு. அவற்றைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். தோப்பு விடுதிகளில் சவாரிக்கு விடுகிற ஏடிவி ஏன் நிற்கிறது, நின்றால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லத்தான் உத்தேசம். வரிசை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

முதலில் அந்த ‘சூடு’. பத்து நிமிடம் நன்றாக ஓடி, பெட்ரோல் தீர்ந்த மாதிரி இழுத்து இழுத்து நின்று, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் டேங்க் மூடியின் மேல் விழவேண்டும். மூடியில் ஊசிமுனை அளவு துவாரம் இருக்கும். சில மாடலில் அங்கிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் ஹேண்டில்பார் பக்கம் போகும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் அடுத்த சொட்டு கீழே வரும். செம்மண் தூசி ஈரத்தோடு சேர்ந்து துவாரத்தை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) காய்ந்துவிடும். வண்டி நின்ற உடனே மூடியை மெல்லத் திருகுங்கள். (பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.) ‘புஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் வண்டி எடுத்தால் நோய் அதுதான். ஆறவிட்டால் எடுப்பது ஏன்? அந்தப் பத்து நிமிடத்தில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடுகிறது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெளிப்பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகவேண்டும். குழாய் உள்ள வண்டியில் அது எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். செலவு பூஜ்யம். அந்தத் தம்பி ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்திருந்தால் 300 ரூபாய் மிச்சம்.

அடுத்தது பழைய பெட்ரோல். செட்டிநாட்டுக்குக் கூட்டம் வருவது மழை ஓய்ந்த குளிர்மாதங்களில். சித்திரை வெயிலில் யார் வருகிறார்கள்? அப்போது கொட்டகையில் போட்ட வண்டியை அடுத்த சீசனில் அதே பெட்ரோலோடு எடுக்கிறார்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே தங்கிவிடும். பழைய ரகக் குழாய், வாஷர்களையும் அது ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும். மாதக்கணக்கில் கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பசை மாதிரி ஜெட்டில் (பெட்ரோல் போகும் துவாரமுள்ள சின்னப் பித்தளைத் திருகில்) ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகப் புளித்த வார்னிஷ் வாடை அடித்தால் யோசிக்கவே வேண்டாம், கொட்டவேண்டியதுதான். ஊருணிக் கரையிலோ கண்மாயிலோ ஊற்றிவிடாதீர்கள். பட்டறையில் கழிவு எண்ணெய் சேர்க்கும் டின்னுக்குக் கொடுங்கள்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பன்னீர் சோடா பாட்டில் போதும். கண்ணாடியாக இருப்பதுதான் முக்கியம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் சின்ன டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். பாட்டிலைக் கீழே பிடித்து அதை இரண்டு சுற்று தளர்த்தினால் பெட்ரோல் இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் முத்து முத்தாகவோ, கோடு போட்ட மாதிரி தனி அடுக்காகவோ தெரிந்தால் தண்ணீர். செம்மண் கலங்கல் தெரிந்தால் பில்டர் வேலை செய்யவில்லை. ஒன்றுமே இறங்கவில்லையா? மேலே எங்கோ அடைப்பு. (சோதனை முடிந்ததும் அந்தப் பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துத் தொலைத்துவிடாதீர்கள்.)

இறங்காவிட்டால் டேங்கிலிருந்து ஒவ்வொரு படியாக வாருங்கள். காக் (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) ‘ஆஃப்’பில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதி வண்டி அதனால்தான் நிற்கிறது. ‘ஆன்’னில் வராமல் ‘ரிசர்வ்’வில் வந்தால் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விடுங்கள். நூல் மாதிரி விடாமல் ஒழுகவேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் குழாய் நடுவே உள்ள பில்டரை மாற்றுங்கள். அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கவேண்டும். சில வண்டியில் வேக்கூம் காக். எஞ்சின் சுற்றும்போதுதான் பெட்ரோல் விடும். அதில் குழாயைக் கழற்றினால் சும்மா ஒழுகாது. அதை அடைப்பு என்று நினைத்து காக்கை உடைத்தவர்கள் உண்டு.

பெட்ரோல் வந்தும் வண்டி ஒழுங்காக ஓடவில்லை என்றால் ஜெட். எந்த ஜெட் என்பதை வண்டியே சொல்லும். சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் லீவர்) போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நின்றால், அல்லது ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல்) ஓடவே மாட்டேன் என்றால் பைலட் ஜெட். ஐடிலில் ஒழுங்காக ஓடி, கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் மூச்சு முட்டினால் மெயின் ஜெட். காக்கை மூடி, கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் நடுவில் பித்தளையில் மெயின் ஜெட், பக்கத்துக் குழிக்குள் பைலட். சரியான அகலமுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவர் போடுங்கள். பித்தளை மெது, தலை சிதைந்தால் பிறகு வராது. பைலட்டின் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்குள் இரும்புக் கம்பி, குண்டூசி நுழைத்தால் துவாரம் பெரிதாகி, அதற்குப் பிறகு பெட்ரோல் குடித்தே தீர்க்கும். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்து, எதிர்ப்பக்கமிருந்து காற்று விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரியவேண்டும். ஸ்ப்ரே அடிக்குமுன் ரப்பர் வளையங்களை எடுத்துவிடுங்கள். ஸ்ப்ரே பட்டால் ஊதி, பள்ளத்தில் உட்காராது. பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் பக்கவாட்டு மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு தவறிவிட்டால் மெல்லத் தொடும் வரை மூடி, ஒன்றரைச் சுற்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் திறந்து ஆரம்பிக்கலாம்.

எதிர் நோயும் உண்டு: ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருப்பது. கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியில் மண் சிக்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்ல இரண்டு தட்டு தட்டினால் பல நேரம் நின்றுவிடும். நிற்காவிட்டால் காக்கை மூடுங்கள், பிறகு ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால் எஞ்சினை எடுக்கவே கூடாது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். 110 சிசி எஞ்சினுக்கு ஆயில் 800, 900 மில்லிதான் பிடிக்கும், மாற்றிவிடலாம்.

இடையில் சாப்பாடு. கந்தரப்பம் சூடாக, பிறகு கல்கண்டு வடை, அதற்கும் பிறகு கவுனி அரிசி. பரிமாறிய ஆச்சி “இன்னொன்னு வச்சுக்கங்க” என்று சொல்லிக்கொண்டே இலையில் வைத்துவிட்டார், வேண்டாம் என்று கை மறைப்பதற்குள். பில் 180 ரூபாய். வெல்லப் பாகு கையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த 600 மறுபடி ஞாபகம் வந்தது.

வரிசைப்படி முதலில் சொல்லியிருக்கவேண்டியது இது: பட்டனை அழுத்தினால் செல்ஃபே எடுக்கவில்லை. உடனே பேட்டரியைத் திட்டாதீர்கள். பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான வண்டிகள் எடுக்கும். லீவருக்கு அடியில் உள்ள சுவிட்சில் தூசி ஏறினால் எவ்வளவு பிடித்தும் பயனில்லை. பின்பக்க பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் சுவிட்ச் நிலவரம் தெரிந்துவிடும். எஞ்சினை நிறுத்துவதற்கென ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச், பின்னால் தொங்கும் கயிற்று கில் சுவிட்ச், நியூட்ரல் விளக்கு என்று எல்லாம் பார்த்தபின் பேட்டரிக்குப் பக்கத்து ஃபியூஸ். மல்டிமீட்டர் இருந்தால் நின்ற நிலையில் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி படுத்துவிட்டது, அல்லது டெர்மினல் தளர்ந்து பச்சை பூத்திருக்கிறது. ‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால் சோலினாய்டையும் (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் ரிலே) கேபிளையும் பாருங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், நடுவே அரை நிமிடம் விடுங்கள். இந்தத் தோப்புகளில் பேட்டரி சாவது பெரும்பாலும் பெட்ரோல் கோளாறுக்குச் செல்ஃபை அழுத்தி அழுத்தியே. கார் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுப்பதென்றால் அந்தக் கார் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டுக் கொடுங்கள். பெல்ட்டில் ஓடும் சிவிடி வண்டியை நாலு பேர் சேர்ந்து மணலில் தள்ளுவது வீண். தள்ளினால் எஞ்சின் சுற்றாது.

செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். 110, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் சி7எச்எஸ்ஏ ரகம், 16 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். நனைந்திருந்தால் பெட்ரோல் மூழ்கிவிட்டது: துடைத்துப் போட்டு, சோக் இல்லாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திச் சுற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, மேலே சொன்னதற்குத் திரும்புங்கள். கரி பிடித்திருந்தால் ஏர் பில்டர். கரண்ட் பார்க்க, பிளக்கைத் தொப்பியோடு எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து, பிளக் துவாரத்திலிருந்து தள்ளியே வைத்துச் சுற்றுங்கள். நீலமாகப் பளிச்சென்று அடிக்கவேண்டும். மஞ்சளாக இழுத்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு தொப்பி, பிறகு காயில், சிடிஐ (தீப்பொறி அடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி). விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் இதில் உள்ள ஒரே தந்திரம். திரும்ப மாட்டும்போது மூன்று நாலு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். அலுமினிய மரை ஒரு தடவை போனால் பிளக் விலை போல் பல மடங்கு செலவு.

ஏர் பில்டர் இந்த மண்ணில் வாராவாரம் கழுவவேண்டிய பொருள். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு அழகு சேர்க்கிற மண், பஞ்சு பில்டருக்குள் போனால் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, லேசாக ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். பில்டரே இல்லாமல் ஓட்டுகிற கொட்டகையும் உண்டு. அங்கே சவாரி கேட்காதீர்கள், பிஸ்டன் ரிங் எப்போதோ போயிருக்கும்.

பெட்ரோலும் கரண்டும் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைந்தது, அல்லது வால்வு இடைவெளி இறுகிப்போனது. அது பட்டறை வேலை. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று வினாடி ‘உய்ங்’ சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லையென்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, அதன் இணைப்பு.

இனி அந்தப் பக்கம் போகிறவர்கள் காசு கொடுக்குமுன் செய்யவேண்டியது: எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சோக்கை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஓவர்ஃப்ளோ குழாய் நுனியில் விரல் வையுங்கள், நனையக் கூடாது. பின்னால் உள்ள கயிற்றை இழுத்தால் எஞ்சின் நிற்கவேண்டும். ஓடிய நிமிடத்துக்குத்தான் கணக்குப் பார்ப்போம் என்று முதலிலேயே பேசி, பாதிக் காசை மட்டும் கொடுங்கள். மீதி, வண்டி தன் காலிலேயே கொட்டகைக்குத் திரும்பிய பிறகு.