திங்கள், புதன், சனி

கனடாவில் ஸ்காபரோ பக்கம் வேலைக்குச் சேர்ந்த யாழ்ப்பாணத்தாருக்குக் குளிருக்கு முன்னமே ஒரு கேள்வி வந்து சேரும். சாப்பாட்டறையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே, "கச்சத்தீவை மட்டும் மீட்டுட்டா மீனவர் பிரச்சினை தீர்ந்துடும்ணே" என்பார். நல்ல மனத்தோடுதான் சொல்வார். "அது எங்கட கடல் தம்பி" என்று எங்கள் வாய் முந்திவிடும். இலங்கையை 'எங்கட நாடு' என்று சொல்ல நூறு தரம் தயங்குகிற அதே வாய்!

கச்சதீவை இலங்கைப் பக்கம் விட்ட ஒப்பந்தம் எங்களைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. 1974 ஜூன் 26 கொழும்பிலும் 28 டெல்லியிலும் அப்போதைய பிரதமர்கள் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் கையொப்பம் வைத்தார்கள். தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் கோடு விழுந்தது. அதே ஆண்டு ஜனவரி 10 அன்றுதான் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிர்கள் போயின. தீவு கிடைத்த ஆண்டு என்று 1974ஐ ஊரில் ஒருவரும் கொண்டாடுவதில்லை. ராமேஸ்வரத்தாரையும் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பிக்கு விளங்கப்படுத்த வேண்டியது வேறு. கச்சதீவில் குடிதண்ணீரும் இல்லை, குடியிருப்பும் இல்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அதைத் தாண்டி நெடுந்தீவுக் கடலுக்கும் அதற்கு அப்பாலும் வருகின்றன. தீவில் எந்தக் கொடி பறந்தாலும் அது மாறாது.

ராமேஸ்வரத்தில் நாட்டுப் படகுகளோடு சண்டை வராமல் இருக்க இந்த இழுவை விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று நாள் பிரித்திருக்கிறார்கள். அந்த இரவுகளில் எங்கள் பக்கத்துச் சிறு தொழிலாளி வலை போடப் பயப்படுவான். மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று இரவு போய்விடும். துணிந்து போட்டால் என்ன நடக்கும்? இழுவைமடியின் வாயை இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் விரித்துப் பிடிக்கும், அடிக்கயிறு தரையைச் சுரண்டிக்கொண்டு வரும். குறுக்கே கிடக்கிற நைலோன் வலை மிதப்பும் ஈயமுமாகச் சுருண்டு அதோடு போகும். விடியப் போனால் அறுந்த கயிற்று முனை மட்டும் கிடக்கும். வலைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும். போர்க்காலத்தில் கடற்படை கடலுக்கு விடவில்லை. 2009க்குப் பிறகு கடல் திறந்தபோது அங்கே இழுவைப் படகுகள் நின்றன.

இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. குருநகரில் எங்கள் ஆட்களிடமும் இழுவைப் படகு உண்டு என்பதை மறைத்துக் கதைப்பது நேர்மையில்லை. ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் யாழ்ப்பாணத்துப் பாசையூர்ச் சந்தையில் மீனைப் பார்த்தாலே கடல் மூச்சு விட்டது தெரியும்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் போட்டது. செப்டம்பரில் ஜனாதிபதி அநுர நேரே தீவில் போய் இறங்கினார். இரு கரையிலும் கொடிக்குக் கை தட்டினார்கள். வலையைப் பற்றிக் கேட்ட சத்தம்தான் சிறிது.

தவக்காலத்தில் குறிகட்டுவான் துறையில் தண்ணீர்க் கலன்களோடு படகேறி கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போனால், அந்தக் கரைச் சனமும் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும். ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவின்படி அவர்களுக்கு விசா தேவையில்லை. அங்கே 'எங்கட கடல்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சாப்பாட்டறைத் தம்பியையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

கனடாக் குடியுரிமை எடுத்து, பனி தள்ளப் பழகி, இனி இதுதான் ஊர் என்றாகிவிட்டது. ஆனாலும் குளிர்காலத்துத் திங்கள் மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து காருக்குள் ஏறினால், அங்கே செவ்வாய் விடிய ஐந்தரை. வலை இழுக்கிற நேரம். ஊருக்குப் போன் எடுத்தால் சுகம் விசாரிக்க முன்னமே வருகிற கேள்வி, "வலை கிடக்கோ?"