நெல்சனின் நிலம்

ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நார்வேயிலிருந்து அமெரிக்கா வந்திறங்கிய பையன் நூட் நெல்சன். விஸ்கான்சினில் பண்ணை வேலை செய்து வளர்ந்தான். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, 1863-இல் போர்ட் ஹட்சன் முற்றுகையில் குண்டடிபட்டு எதிரிகளிடம் சிக்கினான். பிழைத்து வந்து வக்கீலானார், மினசோட்டாவில் அரசிடம் நிலம் வாங்கி உழுதார். ஆளுநரானார், 1895 முதல் 1923-இல் சாகும்வரை செனட்டர்.

நெகிழ்ந்து படித்துக்கொண்டே வந்தேன். பிறகுதான் 1889-இன் நெல்சன் சட்டம் கண்ணில் பட்டது. மினசோட்டாவின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் நிலத்தைக் கூறுபோட்டு, மிச்சத்தைக் குடியேறிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் திறந்துவிட்ட சட்டம். கொண்டுவந்தவர் இவரேதான். பிழைக்க இடம் தேடிக் கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு, இருந்த இடத்தை இழக்கிறவர்களின் வலி எப்படித் தெரியாமல் போனது? இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.