வெயிலுக்குத் தப்பி மதுரையில் கலை பார்ப்பது

தூத்துக்குடிக்காரனான எனக்கு வெயில் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்து ஒரு சமாதானம் சொல்லிவிட்டுப் போகும். மதுரையில் அந்தச் சலுகை கிடையாது. பங்குனி மாதத்தில் போய் அங்குள்ள கலைக்கூடங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றதும், தல்லாகுளத்துச் சித்தப்பா போனில் ஒன்றுதான் சொன்னார்: "பதினோரு மணிக்கு மேல கூரை இருக்கிற இடமாப் பாத்துப் போ. நாலு மணிக்கு மேல எங்கிட்டு வேணாலும் சுத்து."

மதுரையில் எதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவது எளிது. எந்நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்த ஊர்க் கலைகளுக்கு விடியலும் ராத்திரியும்தான் சொந்தம், நடுப்பகல் அருங்காட்சியகங்களுக்கு.

காலையிலேயே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டேன். செல்போனை வெளியே பாதுகாப்பகத்தில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது ஒருவிதத்தில் நல்லது, கண் சும்மா இருக்காமல் வேலை செய்யும். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். விசுவநாத நாயக்கரின் படைத்தலைவரான தளவாய் அரியநாத முதலியார் 1569-ல் கட்டியது. உள்ளே இப்போது அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகளை நான் அதிகம் பார்க்கவில்லை. முன்வரிசைத் தூண்களே போதும். அன்னத்தின் மேல் ரதி, குறவன், குறத்தி என்று ஒவ்வொன்றாக நகர்ந்து, பேடி வேடத்தில் இருக்கும் அர்ச்சுனனிடம் நின்றுவிட்டேன். முகத்தில் தாடி, உடம்பு பெண்ணுடையது. விராட நகரத்தில் நாட்டியம் சொல்லிக் கொடுத்த பிருகன்னளை. தாடியின் சுருள் முடியை ஒவ்வொன்றாகச் செதுக்கிய அதே உளி, இடுப்பின் வளைவில் எவ்வளவு மெதுவாக இறங்கியிருக்கிறது! வேடம் கட்டியவனைக் கல்லில் செய்யும்போது, வேடத்தையும் காட்ட வேண்டும், உள்ளே இருப்பவனையும் மறைக்கக் கூடாது. சிற்பி இரண்டையும் செய்திருக்கிறார்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். பெயர்தான் புது, திருமலை நாயக்கர் காலத்துக் கட்டடம். நான் சின்ன வயதில் பார்த்தபோது தூணுக்குத் தூண் தையல் மிஷின், புத்தகக் கடை, பாத்திரக் கடை. மீனாட்சி கல்யாணச் சிற்பத்தைத் துணிமூட்டைக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். கடைகளையெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு இது நல்ல காலம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மிஷின் சத்தமும் மண்டபத்தின் ஒரு பகுதி என்றே எனக்குப் பழகிவிட்டது.

அதனால் குன்னத்தூர் சத்திரத்துக்கும் ஒரு நடை போனேன். சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்களுக்கான உடுப்புகள் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சிவப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் தங்க நிற ஜரிகை, நடுவில் சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள். தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ரெடிமேடா வாங்கிட்டுப் போக மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "நேர்த்திக்கடன்ல ரெடிமேடு ஏது தம்பி? அளவெடுத்துத்தான்" என்றார்.

மஹாலுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய கால்வாசிதான். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். சொர்க்கவிலாசத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பிரமிப்புதான். ஆனால் எனக்குப் பிடித்தது மஹாலுக்கு வெளியே, பக்கத்துச் சந்தில் இருக்கிற பத்துத் தூண். அரண்மனையின் மற்றொரு பகுதியான ரங்கவிலாசத்தின் மிச்சம் அது. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மேலே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் வரிசையாக நிற்கின்றன. ஒரு தூணின் அடியில் சைக்கிளைச் சாத்திவைத்திருந்தார்கள். டிக்கெட் கிடையாது.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் பிறந்தது இந்த ஊரில். வீணைக் கலைஞரான அம்மா சண்முகவடிவோடு அவர் வளர்ந்த வீடு மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் இருக்கிறது. முகப்பில் வீணை உருவம். தெருவில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

நடுப்பகலுக்குக் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959-ல் நேரு திறந்துவைத்தார். தடித்த சுவர், உயர்ந்த கூரை, ஃபேன்கூடத் தேவையில்லை என்று தோன்றும் அளவுக்குக் குளுமை. காந்தி முழு உடையை விட்டு இடுப்புத்துணிக்கு மாறியது 1921 செப்டம்பரில், மேலமாசி வீதி வீடு ஒன்றில். அந்த ஊரிலேயே இந்த மியூசியம் இருப்பதால் உள்ளே இருக்கும் படங்களுக்குக் கூடுதல் கனம் வந்துவிடுகிறது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. 1981-ல் இங்கே உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வந்தது. அதை வேகமாகப் பார்த்துவிடலாம்.

கீழடியைத் தனியாக இன்னொரு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்போல, சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள். பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால்தான் கூட்டம். நான் ஆட்டக்காய்களையும் பகடையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும், அவற்றை எடுத்து இப்போதே உருட்டலாம்போல் இருக்கின்றன.

இதெல்லாம் சரி. நான் மதுரைக்கு வந்ததே சுண்ணாம்புக்காரத் தெருவுக்காகத்தான். ஊர்த் திருவிழாக்களில் ராத்திரியில் நடக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் தெரு. இந்த மேடைக்குப் பாட்டும் கதையும் எழுதித் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடக நடிகர் சங்கம் இங்கே இருக்கிறது. சுவாமிகள் 1867-ல் எங்கள் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-ல் மதுரையில் பாலர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். பின்னாளில் பெரிய நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். எங்கள் ஊர்ப் பிள்ளையை மதுரை எடுத்து வளர்த்துக்கொண்டது என்று கொஞ்சம் பொறாமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சாயந்தரம் அந்தத் தெருவில் நடந்தால், நாடக நோட்டீஸ்களில் நடிகர்களின் முகங்கள் வரிசையாக: கதாநாயகனாகக் கிரீடம் வைத்த ராஜபார்ட், கதாநாயகியாக மல்லிகைப்பூ வைத்த ஸ்திரீபார்ட், கண்ணை உருட்டும் கோமாளியான பபூன். யாருக்கு என்றைக்கு எந்த ஊரில் நாடகம் என்பதை முடிவு செய்பவர்கள் அமைப்பாளர்கள். இந்த நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி திண்டுக்கல்லிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மதுரையிலிருந்து. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேடையில்தான் சந்திப்பு. சுவாமிகளின் பாட்டும் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது நடக்கிறது. "இன்னிக்கு மேலூர்ப் பக்கம் ஒரு ஊர்ல வள்ளி திருமணம் இருக்கு, போறீங்களா?" என்றார் ஒரு அமைப்பாளர். சித்தப்பா வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

கோயில் பொங்கல் விழா. பத்து மணிக்கு மேல்தான் தொடங்கியது. முதலில் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊரைச் சிரிக்க வைத்தார்கள். சில பேச்சுகள் எனக்குக் கூச்சமாக இருந்தன. முன்வரிசைப் பாட்டிகளுக்கு அப்படியொன்றும் இல்லை. மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் ஆல்ரவுண்ட். டிரம், சிம்பல், இன்னும் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசிப்பார். பபூன் கீழே விழுந்தால் அந்த விழுகைக்கு ஒரு அடி, கண்ணடித்தால் அதற்கு ஒரு சின்ன டிங்.

நள்ளிரவு தாண்டி வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டும் ஆலோலம் பாடினார். கடைசி வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும் குரல். பிறகு நாரதர் வந்தார், தர்க்கம் ஆரம்பித்தது. முன்பின் சேர்ந்து நடித்தார்களா என்றே தெரியாத இரண்டு பேர், கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. நாரதர் ஒரு கேள்வியைப் பதில் சொல்லாமல் தாண்டப் பார்த்தார். வள்ளி ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே கேள்வியை ஒரு கட்டை உயர்த்திப் பாட்டாகக் கேட்டார். பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அப்பத்தா என் முழங்காலைத் தட்டி, "இவ விடமாட்டா பாரு" என்றார். விடவில்லை. முருகன் வேடனாக வந்து சேரும்போது மணி மூன்று.

மாசி தொடங்கி ஆடி வரைக்கும் எங்காவது ஒரு ஊரில் நாடகம் இருக்கும். சுண்ணாம்புக்காரத் தெருவில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். டிக்கெட் இல்லை, ஊர்ப்பொது நிகழ்ச்சி. போகிறவர்கள் ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். தர்க்கத்தின்போது தூங்கி விழுந்தால் அப்பத்தாக்கள் எழுப்பிவிடுவார்கள்.