வீடு வாங்கியபோது ஜெபித்ததும் கணக்குப் பார்த்ததும்

வீடு வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் சபையில் எல்லோரும் "ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். ஜெபித்தோம். ஆனால் எதைக் கேட்டு ஜெபிப்பது என்று நானும் என் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. "நல்ல வீடாகத் தாரும்" என்று கேட்பது எளிது. "இது வேண்டாம் என்றால் எங்களுக்குத் தெரியும்படி காட்டும், அதை ஏற்றுக்கொள்ள மனதையும் தாரும்" என்று கேட்கத்தான் துணிவு வேண்டும். கடைசிவரை அந்த ஜெபத்தைத்தான் செய்தோம். அதற்குப் பதில் பெரும்பாலும் கணக்கு நோட்டிலும் பத்திரக் கட்டிலும்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொந்த வீடு எதற்கு என்ற கேள்வியை முதலில் முடித்துக்கொண்டோம். சபையில் ஒருவர் சொந்த வீடு கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்லும்போது, வாடகை வீட்டில் இருப்பவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வலிக்கும். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் சொல்லும் ஆபிரகாம் வாக்குத்தத்த நாட்டிலேயே கூடாரத்தில்தான் குடியிருந்தார். "தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகள்" என்று லேவியராகமம் 25-ல் கர்த்தர் தம் சொந்த ஜனத்திடமே சொல்கிறார். வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஆசீர்வாதம் குறைவு என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு வீடு வேண்டியிருந்ததற்குக் காரணங்கள் இருந்தன. மாமியாருக்கு மாடிப்படி ஏற முடியாது. பிள்ளைகள் இடம் மாறி மாறிக் களைத்துவிட்டார்கள். வாரக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் உட்கார இடம் வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தோம். அழகான வீடு ஒன்றைப் பார்த்து மயங்கும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்போம். பாதி வீடுகள் அங்கேயே கழிந்துபோகும்.

அப்புறம் பணம். லூக்கா 14-ல் இயேசு கோபுரம் கட்டுகிறவனைப் பற்றிச் சொல்கிறார்: முடிக்கத் தன்னிடம் இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று. அவர் சீஷனாவதன் விலையைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெரியும். ஆனாலும் கணக்குப் பார்க்கிறவனைத்தான் அவர் புத்தியுள்ளவனாகக் காட்டுகிறார். நாங்களும் உட்கார்ந்தோம்.

வங்கியில் எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்து, கடனாக ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். கேட்டதும் மனம் துள்ளியது உண்மை. ஆனால் அது வங்கி எங்களுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை. நாங்கள் தூங்கி எழ முடிகிற தொகை எது என்று வங்கிக்குத் தெரியாது. இரண்டில் ஒரு வேலை போனாலும் தவணை நிற்கக் கூடாது என்று வைத்துக் கணக்கிட்டதில், அந்தத் தொகை பாதிக்குக் கொஞ்சம் மேலாக வந்து நின்றது. அதற்கு மேல் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

வட்டிக் கணக்கை ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், முடிக்கும்போது வாங்கியதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு கட்டியிருப்போம். அதையே 30 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 12 சதவீதம்தான் குறையும். மொத்தமாகக் கட்டுவது 2.6 மடங்கைத் தாண்டிவிடும். 15 ஆண்டில் முடித்தால் 1.7 மடங்கு. 20 ஆண்டுக் கடனில் கட்டும் முதல் தவணையில் 5-ல் 4 பங்கு வட்டிக்கே போகிறது. மாறும் வட்டி என்றால் இன்னொன்றும் உண்டு: 8 சதவீதம் தொடக்கத்திலேயே 10 ஆக ஏறி, காலம் 20 ஆண்டாகவே இருந்தால், தவணை ஏறக்குறைய 15 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் தவணையையும் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகுதான் விண்ணப்பம் கொடுத்தோம். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 சொல்கிறது. கடனே பாவம் என்று நான் அதை வாசிக்கவில்லை. எத்தனை வருடம் அடிமையாக இருக்கப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு என்று வாசிக்கிறேன்.

வீட்டு விலையோடு செலவு முடிவதில்லை. பதிவுக் கட்டணம், வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, வீட்டு வரி, குடிபோகும் முன் செய்ய வேண்டிய பழுதுவேலை எல்லாவற்றையும் தனி வரிகளாக எழுதினோம். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பைத் தொடுவதில்லை என்றும் பேசிக்கொண்டோம். கஷ்டமான பேச்சு காணிக்கையைப் பற்றித்தான். "தவணை பழகுற வரைக்கும் காணிக்கையைப் பாதியாக்கலாமா?" என்று என் கணவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, கணக்கு அப்படித்தான் இடித்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "காணிக்கையைக் குறைச்சாத்தான் வாங்க முடியும்னா, அந்த வீடு நமக்குப் பெரிசு." விலை வரம்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினோம்.

பெரிய கடனுக்குப் போவதானால் ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்றது வங்கி. என் தம்பி தானாகவே முன்வந்தான். அவனுக்கும் இரண்டு குழந்தைகள். பிணைப்பட்டவனிடம் செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் அவன் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நீதிமொழிகள் 22-ல் இருக்கிறது. என் வீட்டுக்காக அவன் படுக்கையைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. சிறிய கடனுக்கு ஜாமீன் தேவைப்படவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முதலில் மனதுக்குப் பிடித்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு சமாதானம் வந்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம், மாமியாருக்குக் கீழே ஓர் அறை, நடக்கும் தூரத்தில் பள்ளி. "கர்த்தர் திறந்த வாசல்" என்றார்கள் கூட வந்தவர்கள். இன்னொருவர் மறுநாளே முன்பணம் கொடுக்கப் போகிறார் என்றார் தரகர். நாங்கள் முன்பணம் கொடுக்காமல் பத்திர நகல்களைக் கேட்டு வாங்கினோம். எங்கள் சபையில் ஓர் அக்கா வக்கீல். வீட்டின் முதல் பத்திரமான மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். விற்பவரின் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பது ஒருவர் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளின் கையெழுத்து எங்கும் இல்லை. "அவ கேக்க மாட்டா" என்றார் விற்பவர். "அப்படியானால் கையெழுத்து வாங்கித் தாருங்கள்" என்றார் அக்கா. அது வரவே இல்லை.

அன்று இரவு ரூத் 4-ம் அதிகாரம் வேறு விதமாகப் புரிந்தது. போவாஸ் நகோமி விற்கும் நிலத்தை எடுக்கும் முன் பட்டணவாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, தன்னைவிட நெருங்கிய உரிமை உள்ளவனை அழைத்து, அவன் வாயால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வைக்கிறார். அவர் அவசரப்படவில்லை. எரேமியா 32-ல் பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, காவலில் இருக்கும் தீர்க்கதரிசி ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வாங்கச் சொன்னவர் கர்த்தரே. அப்படியிருந்தும் எரேமியா வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். கர்த்தரின் வார்த்தையை நேரே கேட்டவருக்கே பத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. என் உள்ளத்தில் வந்த சமாதானத்தை மட்டும் நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அந்த வீட்டை விட்டுவிட்டோம். சில நாள் எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்து ஒரு வீடு. பத்திரம் சுத்தம். ஆனால் பின்னறைச் சுவரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தது. மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினோம், ஒரு பெரிய மழைக்குப் பிறகு மறுபடியும் போனோம். சுவரில் ஈரம் கோடு கோடாக இறங்கியிருந்தது. லேவியராகமம் 14-ல் வீட்டைப் பரிசோதிக்கும் முறை இருப்பதை யாரும் பிரசங்கிப்பதில்லை. ஆசாரியன் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டு வந்து பார்க்கிறான், சுவரில் பச்சையோ சிவப்போ குழிந்து தெரிந்தால் ஏழு நாள் பூட்டி வைக்கிறான். திரும்ப வந்து பார்க்கும்போது படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்துப் புதிதாகப் பூசச் சொல்கிறான். அதற்குப் பிறகும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதே, விட்டுத் திரும்ப வந்து பார் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். பகலிலும் இரவிலும், மழையிலும் வெயிலிலும் போய்ப் பார்க்காத வீட்டுக்கு விலை பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அக்கம்பக்கத்தாரிடம் தண்ணீர், சாக்கடை, எல்லைத் தகராறு பற்றியும் விசாரித்தோம். தரகரிடம் கேட்டதைவிட அவர்களிடம் அதிகம் தெரிந்தது.

கடைசியில் வாங்கிய வீடு முதல் பார்வையில் எங்களை ஈர்க்கவில்லை. சின்னது, பழையது. ஆனால் தாளில் எழுதிய காரணங்கள் எல்லாமே பொருந்தின. பத்திரம் ஒழுங்காக இருந்தது, விற்பவரின் பழைய அடமானம் தீர்ந்ததற்குக் கடிதம் இருந்தது, நிலத்தை அளந்தபோது எல்லைகள் பத்திரத்தோடு ஒத்துப்போயின. விலை பேசும்போது, "நல்லதல்ல, நல்லதல்ல" என்று வாங்குகிறவன் சொல்லிவிட்டு அப்புறம் போய் மெச்சிக்கொள்வதைக் காட்டும் நீதிமொழிகள் 20:14 நினைவில் இருந்தது. இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். இருக்கிற குறைகளை, கூரைக் கசிவையும் பழைய மின்கம்பிகளையும், மேஸ்திரி எழுதிய மதிப்பீட்டோடு வைத்துக் கேட்டோம். விற்பவர் நியாயமாகக் குறைத்தார்.

பிறகுதான் சோதனை. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுக்கலாம் என்றார் விற்பவர். "எல்லாரும் செய்றதுதான். உங்களுக்கும் கட்டணம் மிச்சம்." மிச்சமாகும் தொகை எங்கள் பழுதுவேலைச் செலவுக்குச் சரியாக இருந்தது. ஒரு தகராறு வந்தால் பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் அத்தாட்சி இருக்கும், பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடலாம் என்று வக்கீல் அக்கா விளக்கினார். ஆனால் எங்களைத் தடுத்தது அது மட்டும் அல்ல. அப்போஸ்தலர் 5-ல் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்ற விலையில்தான் பொய் சொன்னார்கள். அதே வீட்டில் வாரக் கூட்டம் நடத்த நினைக்கிற நாங்கள், அதன் பத்திரத்தில் பொய் எழுதி எப்படிக் குடிபோவது? முழுத் தொகையையும் எழுதினால்தான் வாங்குவோம் என்று என் கணவர் தயவாகச் சொன்னார். விற்பவர் முகம் சுளித்தார், சில நாள் பேசவே இல்லை. பிறகு, தன் வரிச் சுமைக்காக விலையில் கொஞ்சம் கூட்டித் தந்தால் சம்மதம் என்றார். கொடுத்தோம். அதனால் ஓர் அறையின் பழுதுவேலை இன்னும் நிற்கிறது.

நிலத்தின் சொந்தக்காரரான எப்பெரோன் மக்பேலா நிலத்தை இலவசமாகவே தருகிறேன் என்று பேசியும், ஆபிரகாம் எல்லோர் முன்னிலும் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். வயல், குகை, எல்லைக்குள் இருந்த மரங்கள் என்று வாங்கியதை எல்லாம் ஆதியாகமம் 23 வரிசையாகச் சொல்கிறது. பதிவு நாளன்று கையெழுத்துப் போடும் முன் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போனோம். பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது.

குடிபோகும் முன் முதலில் செய்தது மொட்டைமாடிச் சுவரை உயர்த்தியது. புது வீட்டிலிருந்து யாரும் விழுந்து இரத்தப்பழி வராதபடி கைப்பிடிச்சுவர் கட்டு என்று உபாகமம் 22:8 சொல்கிறது. பழைய சுவர் என் சின்ன மகனின் இடுப்புக்குத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிற மற்றப் பிள்ளைகளும் மாடியில்தான் விளையாடுவார்கள்.

இப்போது தவணை போய்க்கொண்டிருக்கிறது. கையில் கூடுதலாக எது வந்தாலும் அதில் ஒரு பங்கை அசலுக்குக் கட்டுகிறோம். அப்படிக் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் வருடங்களில் கட்டும் தொகைதான் வட்டியை அதிகம் குறைக்கும் என்பதால், நின்றுபோன அந்த அறையின் வேலையை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம்.