64 சொற்களில் 80 எப்படி வந்தது?

எழுத்துகள் க, ச இரண்டே. 'கச' எங்காவது வரும் சொற்கள் நீளம் 6-இல் எத்தனை? பெரும்பாலும் கை முதலில் வரைவது மூன்று நிலை என்எஃப்ஏ-தான் (ஒரே எழுத்துக்கு ஒரு நிலையிலிருந்து பல அம்புகள் போகலாம் என்ற நிலைப்படம்): தொடக்கத்தில் எது வந்தாலும் அங்கேயே சுற்று, பிறகு க, பிறகு ச, ஏற்பு நிலையில் (இங்கே முடியும் சொல் கணக்கில் சேரும்) மறுபடி எது வந்தாலும் சுற்று. அதில் பாதைகளை எண்ணினால் 80 வரும். நீளம் 6-இல் இருக்கும் மொத்தச் சொற்களே 64தான்.

எண்ணியது பாதைகளை, சொற்களை அல்ல. 'கசகச' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பாதை உண்டு. எந்த 'கச'-வில் தாவினாலும் ஏற்பு கிடைக்கும். நீளம் 2, 3-இல் விடை சரியாகவே வரும் (1, 4). நீளம் 4-இல்தான் 11-க்குப் பதில் 12 வருகிறது. சின்ன நீளங்களை மட்டும் சோதித்துவிட்டு நம்புவது இங்கேதான் காலை வாரும்.

டிஎஃப்ஏ-வில், அதாவது ஒவ்வொரு நிலையிலும் ஓர் எழுத்துக்கு ஒரே அம்பு இருக்கும் படத்தில், ஒரு சொல்லுக்கு ஒரே பாதை. நிலைகள்: 'இன்னும் க இல்லை', 'க வந்தது, கச இல்லை', 'கச வந்தாயிற்று'. நீளம் 0-இல் (1, 0, 0) என்று தொடங்கி, ஒவ்வொரு நிலையின் எண்ணையும் அதன் இரண்டு அம்புகள் வழியே அடுத்த வரிசைக்குக் கூட்டுங்கள்: (1, 1, 0), (1, 2, 1), (1, 3, 4), (1, 4, 11). நீளம் 6-இல் கடைசி எண் 57.

ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள். விடுபட்ட அம்பு, இரட்டை அம்பு இரண்டும் பெரும்பாலும் இதிலேயே சிக்கும். ஆனால் செத்த நிலையையும் (அதற்குள் போனால் ஏற்பே கிடைக்காத நிலை) சேர்த்து வரைந்திருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். நீளம் 64-இல் கூட்டுத்தொகை 64-பிட் எண்ணுக்குள் அடங்காது. பெரிய முழு எண்ணோ மாடுலோவோ (ஓர் எண்ணால் வகுத்த மீதி) வேண்டும். நீளம் 10^18 என்றால், எந்த நிலையிலிருந்து எதற்கு எத்தனை அம்பு என்று காட்டும் அணியை வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம், சுமார் 60 தடவை போதும்.

எல்லா என்எஃப்ஏ-வையும் டிஎஃப்ஏ-வாக மாற்றலாம், ஆனால் சிலவற்றில் நிலைகள் பெருகிவிடும். 'கடைசியிலிருந்து 20-ஆம் எழுத்து க' என்பதற்கு என்எஃப்ஏ-வில் 21 நிலை, டிஎஃப்ஏ-வில் 2^20. இந்த மொழிக்கு (சொற்களின் தொகுப்புக்கு) ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாக்கினால் போதும்: எண்ணிக்கை மாறாது, நிலைகள் இருபத்துச் சொச்சம்தான்.

சூழல்சாரா இலக்கணத்திலும் (ஒரு குறியை விதிப்படி விரித்துச் சொற்களை உருவாக்கும் முறை) இதே வம்புதான். சமன்பட்ட அடைப்புக்குறிகளை எண்ண 'ப → ( ப ) ப அல்லது வெற்று' என்ற விதி போதும்: 1, 2, 3, 4 ஜோடிகளுக்கு 1, 2, 5, 14. 'ப → ப ப' என்று எழுதினால் வெற்றுச் சொல்லுக்கே முடிவில்லாத வருவிப்புகள் (விதிகளால் சொல்லைப் பெறும் வழிகள்). சில மொழிகளுக்கு ஐயமற்ற இலக்கணமே, அதாவது ஒரு சொல்லுக்கு ஒரே வருவிப்பு மட்டும் தரும் இலக்கணமே, கிடையாது. க-க்கள், பிறகு ச-க்கள், பிறகு த-க்கள். க-வும் ச-வும் சம எண்ணிக்கை, அல்லது ச-வும் த-வும் சமம் என்ற மொழி அப்படிப்பட்டது. அங்கே இலக்கணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பாதியையும் தனித்தனியாக எண்ணி, மூன்றும் சமமாக வருவதைக் கழியுங்கள். நீளம் 6-இல் 4 + 4 − 1 = 7.